பழைய ஆல்ட்டோவை வைத்துக்கொள்வதா, விற்பதா: முதலில் கம்ப்ரஷன் பாருங்கள்

15 வருடம் முடிந்த சொந்த காருக்கு எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியை (பதிவுச் சான்றை) 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். அதற்கு முன் இன்ஜினையும் பாடியையும் சோதியுங்கள். பெயின்ட், சீட் கவர் எல்லாம் பிறகு.

கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். அதை அளக்க, இன்ஜின் சூடானதும் அணைத்து, மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் காயில் கனெக்டரையும் பிரித்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். பேட்டரி டவுனாக இருந்தால் மூன்று சிலிண்டரிலும் கேஜ் அளவைக் குறைத்துக் காட்டும். அதை நம்பி இன்ஜினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு.

ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால் அந்த ஓட்டையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் ஹெட்டுக்குக் கீழே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

கிளட்ச், ரேடியேட்டர், புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் தேயும் பொருள்கள்தான், மாற்றிக்கொள்ளலாம். துருதான் வண்டியை முடித்துவைக்கும். ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்த பிறகு, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். தகடு உள்ளே போனால் புது வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள்.