கைவிடப்பட்ட சிக்லிட்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

வீடு மாறுபவர்கள் விட்டுச்செல்லும் மீன்தொட்டிகளில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு சிக்லிட்தான் (ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், ஜிலேபி போன்றவை அடங்கிய நன்னீர் மீன் குடும்பம்). கூட இருந்தவற்றை அது விரட்டியோ விழுங்கியோ தீர்த்திருக்கும். தண்ணீர் பழுத்துப் போயிருக்கும். மீன் நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்கியிருக்கும். இரக்கப்படுபவரின் கை உடனே வாளியைத் தேடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். பல மாதம் மாற்றாத நீரில் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கச் சிதைக்கக் காரத்தன்மை தீர்ந்துபோகும். நீரின் அமில-கார அளவைக் காட்டும் பிஎச் 6-க்குக் கீழேகூட இறங்கும், அதாவது நீர் அமிலமாகும். அப்போது பாக்டீரியாக்களின் வேலையும் மந்தப்பட்டு அம்மோனியா சேரும். ஆனால் அமில நீரில் அது ஏறக்குறைய முழுவதும் அம்மோனியமாக, நச்சு குறைந்த வடிவில் இருக்கும். மீன் பிழைத்திருப்பதே அதனால்தான். அதில் பிஎச் 8 உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும்: பிஎச் ஓர் எண் ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு சுமார் பத்து மடங்காகும். பளிங்கு போன்ற தண்ணீரில் மறுநாள் மீன் செத்து மிதக்கும். பழி பழைய உரிமையாளர் மேல் விழும். தினமும் பத்தில் ஒரு பங்கு, குளோரின் நீக்கிய நீராக மாற்றினால் போதும். வடிகட்டி ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள்.

அடுத்தது மருந்து மோகம். நெற்றியில் குழி விழுந்திருப்பதைக் கண்டதும் கடையில் கிடைத்த நீல மருந்தை ஊற்றுபவர்கள் உண்டு. மெத்திலீன் புளூ, வடிகட்டியில் மிஞ்சியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் பாதிக்கும். குழிகளுக்குக் கெட்ட நீரும் சத்தில்லாத தீனியும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். தேற்றுவதாக நினைத்துக் கோழி ஈரல் போடுவதும், தங்கமீன் குஞ்சுகளை உயிரோடு விடுவதும் வேண்டாம். தங்கமீனில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி, வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும்.

இனம் காண்பதில் பெரிய தவறு, நிறத்தை நம்புவது. மிரண்ட சிக்லிட் நிமிடங்களில் நிறம் மாற்றும். அளவும் ஏமாற்றும்: வளர்ச்சி குன்றிய மீனுக்கு உடம்பு சிறுத்துக் கண் மட்டும் பெரிதாகத் தெரியும், அதைக் குஞ்சென்று நினைத்துவிடுவார்கள். உடலமைப்பைப் பாருங்கள். மூக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு துளை மட்டும் இருந்தால் சிக்லிட் என்பதற்கு அது நல்ல அடையாளம். பிறகு வாலுக்கு முன்னால் அடிப்பக்கம் உள்ள குதத்துடுப்பைப் பக்கவாட்டில் படமெடுத்து, விறைப்பான முட்களை எண்ணுங்கள். மூன்று என்றால் ஆஸ்கராகவோ ஆப்பிரிக்க மீனாகவோ இருக்கலாம். வாலடியில் வளையமிட்ட கண்புள்ளியும் இருந்தால் ஆஸ்கராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் ரெட் டெவில் போன்ற மத்திய அமெரிக்க இனங்களின் பக்கம் தேடுங்கள். ஃபிளவர்ஹார்ன், பிளட் பாரட் இரண்டும் மனிதர் உருவாக்கிய கலப்பினங்கள். அவற்றுக்கு அறிவியல் பெயர் தேடி அலைவது வீண்.

பெயர் தெரிவது பெருமைக்காக அல்ல. ஆஸ்கர் 30 செ.மீ. வரை வளரும், இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை.

இடமில்லை என்று ஏரியில் விடவே கூடாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனும் ஒரு சிக்லிட்தான். அது இல்லாத ஏரி இன்று அரிது. பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். கொடுக்கும்போது ஊகித்த பெயரைவிட நீளத்தையும் முள் எண்ணிக்கையையும் தொட்டி நீரின் பிஎச்சையும் சொல்வது அவருக்கு உதவும்.