ஹைடா வெள்ளிக் காப்பில் எந்த விலங்கு என்று அறிவது எப்படி

கனடாவின் மேற்குக் கரையிலிருந்து டர்பனுக்கு வரும் உறவினர் கொண்டுவந்த அகன்ற வெள்ளிக் காப்பில் காகம் போன்ற உருவத்தைக் கண்டதும், சனி பகவானின் வாகனத்தைக் கையில் அணியலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதுண்டு. அந்தக் காக்கைக்கும் சனிக்கும் தொடர்பில்லை. அதைச் செதுக்கிய ஹைடா பூர்வகுடியினரின் கதையில், ஒளித்து வைக்கப்பட்டிருந்த ஒளியைத் திருடி உலகுக்குத் தந்தது அண்டங்காக்கை.

முதலில் காப்பின் திறந்த பக்கத்தைப் பின்னால் வைத்து நடுப்பகுதியைப் பாருங்கள். விலங்கின் உடலை நடுவே பிளந்து இருபுறமும் விரித்ததுபோல் அமைப்பது இக்கலையின் மரபு என்பதால், ஒரே விலங்கு இரண்டாகத் தோன்றலாம். அடுத்து அலகைக் கவனியுங்கள். நீண்டு நேராகச் சென்று நுனியில் மட்டும் சற்றே வளைந்தால் அண்டங்காக்கை; கீழ்நோக்கி நன்றாகக் கொக்கிபோல் வளைந்தால் கழுகு; வளைந்து முகத்தை நோக்கியே திரும்பினால் வல்லூறாகவோ, இடியை உண்டாக்குவதாகக் கதைகள் சொல்லும் இடிப்பறவையாகவோ இருக்கும். இரண்டு பெரிய முன்பற்களும் குறுக்குக்கோடுகள் நிறைந்த வாலும், மரத்தைக் கொறிக்கும் நீர்வாழ் விலங்கான பீவரைக் காட்டும். உயர்ந்த முதுகுத்துடுப்பு கொலைகாரத் திமிங்கலத்துக்கும், பல்லில்லாத அகன்ற வாய் தவளைக்கும் உரியவை. கரடியையும் ஓநாயையும் பிரித்தறிவதுதான் கடினம். ஓநாயின் மூக்கு நீளமானது என்பதைப் பிடித்துக்கொள்ளலாம்.

விற்பனை அட்டையில் 'கழுகு என்றால் வலிமை' என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹைடா மக்கள் காக்கை, கழுகு என்னும் இரு பெரும் பிரிவினர். ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்காத நம் வழக்கம்போல, தம் பிரிவுக்குள் மணம் கொள்ளாதது அவர்களின் மரபு. பிள்ளைகள் தாயின் பிரிவைச் சேர்வார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் உரிய சின்னங்கள் உள்ளமையால், விலங்கு எது என்பதோடு அது யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளி நாணயங்களைத் தட்டியே இக்காப்புகளைச் செய்தார்கள். சடங்கு விருந்தான பொட்லாச்சைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை தடைசெய்திருந்த காலத்திலும் இக்கலை முற்றிலும் அறுந்துவிடவில்லை. பெயர்பெற்ற கலைஞர் சார்ல்ஸ் எடன்ஷா மறைந்த 1920ஆம் ஆண்டில்தான், பின்னாளில் இதற்குப் புத்துயிர் ஊட்டிய பில் ரீட் பிறந்தார்.

கைவேலைதானா என்றறிய உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். சிற்றுளியால் வெட்டிய கோட்டின் விளிம்பு கூர்மையாகவும் ஆழம் இடத்துக்கிடம் மாறியும் இருக்கும். வார்ப்பில் விளிம்பு மழுங்கியிருக்கும். உட்புறத்தில் கலைஞரின் கையொப்பத்தையும், 92.5 விழுக்காடு வெள்ளியைக் குறிக்கும் 925 என்னும் முத்திரையையும் தேடுங்கள்.

கறுத்தால் மென்துணியால் துடையுங்கள். மெருகு திரவத்தில் முக்கினால் கோடுகளுக்குள் வேண்டுமென்றே விட்ட கருமையும் போய்விடும். அணியும்போது மணிக்கட்டின் பக்கவாட்டில் நுழைத்துத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் விரித்து மாட்டினால் நாளடைவில் உலோகம் தளர்ந்து, நடுவிலுள்ள முகத்தின்மேலேயே விரிசல் விழக்கூடும்.