பழைய பைக் இன்ஜினில் ரிங், சர்க்ளிப், ஆயில் சீல் மாற்றுவது எப்படி

பிஸ்டனைச் சுற்றி உட்காரும் வளையம்தான் ரிங். புது ரிங் பெட்டியிலிருந்து வந்ததும் பிஸ்டனில் ஏற்றிவிடக் கூடாது. முப்பது நாற்பது வருடம் ஓடிய இன்ஜினை இதற்கு முன் யாராவது போர் செய்திருக்க, அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டன் தலையில் படிந்த கரியை மரக்குச்சியால் சுரண்டிப் பாருங்கள். 0.50 என்றோ 020 என்றோ பொறித்திருக்கும். முதலாவது மில்லிமீட்டர், இரண்டாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ரிங்கும் அதே ஓவர்சைஸில் (முதல் அளவைவிடப் பெரிதான அளவில்) இருக்க வேண்டும். எண் எதுவும் இல்லையென்றால் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலிண்டரைப் பாதி தூக்கியதுமே கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். உடைந்த ரிங் துண்டோ தெறிக்கும் சர்க்ளிப்போ (பின் நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்) உள்ளே விழுந்தால் இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டிவரும். பிஸ்டனின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின் கையால் தள்ளி வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். பக்கவாட்டில் விழும் அடி கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பிஸ்டனை ஹாட் ஏர் கன்னால் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால் பின் தளர்ந்துவிடும்.

அடுத்து ரிங் கேப், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்கார வையுங்கள். சாய்ந்திருந்தால் அளவு தப்பாக வரும். முதலில் ரிங் ஓடாத அடிப்பகுதியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்க வேண்டும். ஏர் கூல்டு இன்ஜினுக்குப் பொதுவான கணக்கு, போரின் (சிலிண்டர் உள்விட்டத்தின்) ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் 0.1 மில்லிமீட்டர், 70 மில்லிமீட்டர் போருக்கு 0.28 முதல் 0.30 வரை. மேனுவலில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கேப் குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும். பிறகு சிலிண்டர் கீறும், அல்லது ரிங் உடையும். சிறிய அரத்தால் ரிங்கின் வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் ராவிச் சரிசெய்யுங்கள். எதிர்த்திசையில் ராவினால் ரிங்கின் குரோம் பூச்சு பெயர்ந்துவிடும்.

அதே ரிங்கை மேலே, மேல் ரிங் வந்து நிற்கும் இடத்துக்கு நகர்த்தி மறுபடி அளங்கள். இரண்டு கேப்புக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கிடைக்கும். வித்தியாசம் 0.30 என்றால் தேய்மானம் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்த அளவு தேய்ந்த சிலிண்டரில் ரிங் மட்டும் மாற்றுவது வீண். போர் செய்து அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள்.

போர், ஹோனிங் (உட்சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலில் மட்டும் கழுவினால் பொடி போகாது. சூடான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும் வரை கழுவி, உடனே எண்ணெய் தடவுங்கள். இல்லையென்றால் நிமிடங்களில் துரு பிடிக்கும்.

ரிங்கில் டாப் என்றோ வேறு எழுத்தோ இருந்தால் அந்த முகம் மேலே. மூன்று ரிங் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக்கில் கேப்புகளை 120 டிகிரி இடைவெளியில் வையுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பள்ளத்துக்குள் சிறிய ஊசி இருக்கும், ரிங் முனைகள் அதன் இருபுறமும் உட்கார வேண்டும். இதைக் கவனிக்காமல் சிலிண்டரை இறக்கினால் ரிங் முறியும்.

சர்க்ளிப்பை எப்போதும் புதிதாகப் போடுங்கள்; ஒருமுறை கழற்றியதற்குப் பழைய விசை இருக்காது. அதன் திறந்த வாய் நேர் மேலோ நேர் கீழோ இருக்கட்டும். பக்கவாட்டில் இருந்தால், பிஸ்டன் ஒவ்வொரு முறையும் திசை மாறும்போது கிளிப் சுருங்க இடம் கிடைத்துப் பள்ளத்தைவிட்டு வெளியேறலாம். மாட்டியபின் லேசாகச் சுற்றிப் பாருங்கள், பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீல்களையும் (கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) இதோடு மாற்றிவிடுவது நல்லது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் இறுகியிருக்கும். மேக்னட் பக்கச் சீல் போனால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடும். புது பிஸ்டனும் சீஸ் ஆகிவிடும் (சூட்டில் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்). கியர் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் குறையும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காது. சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஷாஃப்ட்டின் சாவிப் பள்ளத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி ஏற்றுங்கள். வெறும் பள்ளத்தின் மேல் தள்ளினால் உதடு கிழியும்.