வேலைய விடாம பப்ளிக் ஹெல்த்ல மாஸ்டர்ஸ் பண்ணணுமா? இத பாத்துட்டு அப்ளை பண்ணுங்க

எம்பிஹெச், அதாவது மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த் படிக்கணும்னு முடிவு பண்ண உடனே நெறைய பேர் யுனிவர்சிட்டி ரேங்கிங்க தேட ஆரம்பிச்சிடுறாங்க. அத அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல நீங்க அடுத்து போக நெனைக்கிற பதவிக்கு வந்திருக்குற வேலை விளம்பரம் கொஞ்சம் எடுத்து என்ன டிகிரி, என்ன ஸ்கில் கேக்குறாங்கன்னு குறிச்சுக்கோங்க, பாதி குழப்பம் அதுலயே தீந்துடும்.

டேட்டாவோட தான் நாள் பூரா இருக்கணும்னா எம்எஸ்சி எபிடெமியாலஜி (நோய் யாருக்கு, எங்க, ஏன் வருதுன்னு ஆராயுறது), இல்ல பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளிவிவரம்). ஆஸ்பத்திரி நிர்வாகம்னா அதுக்கான மாஸ்டர்ஸ் எம்ஹெச்ஏ தான் நேரா போற வழி. எல்லாத்துலயும் கொஞ்சம் வேணும், ப்ரோக்ராம் நடத்தணும்னா எம்பிஹெச். ஏற்கனவே மாஸ்டர்ஸ் முடிச்சு தலைமைப் பொறுப்புக்கு போறவங்களுக்கு டிஆர்பிஹெச், அதாவது பப்ளிக் ஹெல்த் டாக்டரேட் இருக்கு, ஆராய்ச்சி தான் வாழ்க்கைன்னா பிஹெச்டி.

அமெரிக்காவுல இருக்குற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில எம்பிஹெச்ச பார்ட் டைமா ஆன்லைன்ல படிக்கலாம், லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் தொலைதூரக் கல்வியில எம்எஸ்சி தருது, முடிக்க 5 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. அமெரிக்க டிகிரின்னா சிஇபிஹெச் (பப்ளிக் ஹெல்த் படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, அவங்க விதிப்படி எம்பிஹெச்சுக்கு குறைஞ்சது 42 செமஸ்டர் கிரெடிட்.

இப்ப நேரக் கணக்கு, இங்க தான் வேலைக்குப் போறவங்க திணறிப் போறாங்க. அமெரிக்காவுல ஒரு செமஸ்டர் கிரெடிட்னா வாரத்துக்கு 1 மணி நேரம் கிளாஸ், 2 மணி நேரம் சொந்தமா படிக்கிறது, சுமார் 15 வாரத்துக்கு. அப்போ 3 கிரெடிட் பாடம் வாரத்துக்கு 9 மணி நேரம், அதே பாடத்த 8 வாரத்துல முடிக்கிற மாதிரி வச்சிருந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனால ஷிஃப்ட் வேலையில இருக்குறவங்க ஒரு நேரத்துல ஒரே பாடம் எடுங்க, தப்பே இல்ல.

அடுத்தது பிராக்டிகம், அதாவது படிச்சத ஒரு நிஜ இடத்துல செஞ்சு காட்டுற செயல்முறைப் பயிற்சி. சிஇபிஹெச் அங்கீகாரம் உள்ள எம்பிஹெச்ல இது இல்லாம டிகிரி கிடையாது, ரிப்போர்ட், திட்டம் மாதிரி குறைஞ்சது ரெண்டு வேலைய செஞ்சு சமர்ப்பிக்கணும். உங்க ஆபீஸ்லயே பண்ணலாம், ஆனா தினசரி வேலைய அப்படியே காட்ட முடியாது. உதாரணமா நீங்க தடுப்பூசி போடுற நர்ஸ்னா ஊசி போட்டத கணக்குல சேக்க மாட்டாங்க, ரெண்டாவது டோஸுக்கு வராதவங்க யாரு, எந்தப் பகுதி, என்ன காரணம்னு டேட்டா எடுத்து ஒரு ரிப்போர்ட்டும், அவங்கள திரும்ப வரவைக்க ஒரு திட்டமும் எழுதினா அது பிராக்டிகம். என்னைக் கேட்டா இந்த வேலை தான் மொத்தப் படிப்புலயே உங்களுக்கு ரொம்ப உதவும், மேனேஜர்கிட்ட சேருறதுக்கு முன்னாடியே பேசி வச்சிருங்க.

கணக்கு விட்டுப் போய் ரொம்ப நாள் ஆச்சுன்னு பயப்படாதீங்க, புள்ளிவிவரக் கணக்கு போட உதவுற ஆர் (R) சாஃப்ட்வேர் இலவசம் தான், சேருறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே இன்ஸ்டால் பண்ணி சின்னச் சின்ன டேபிள் போட்டுப் பழகுங்க.

இன்னும் தயக்கமா இருந்தா சர்டிஃபிகேட் கோர்ஸ்ல சேருங்க, பல இடத்துல அந்த கிரெடிட்ட பின்னாடி மாஸ்டர்ஸ்ல சேத்துக்குவாங்க. எத்தன கிரெடிட் சேத்துக்குவாங்க, எத்தன வருஷத்துக்குள்ள முடிக்கணும், நேர்ல வர வேண்டிய நாள் இருக்கா, நடுவுல ஒரு டெர்ம் லீவ் எடுக்கலாமா, இது நாலையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி மெயில்ல கேட்டு பதில வாங்கி வச்சுக்கோங்க.