சப்நெட் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நெட்வொர்க்கின் ஐபி முகவரிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது சப்நெட்களாக, பிரிக்கத் திட்டம் போட உட்காரும் பலர், இன்றைக்கு எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 25 கருவிதானே, /27 போட்டால் 30 முகவரி கிடைக்கும், போதும் என்று முடித்துவிடுவார்கள். (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் சப்நெட்டின் அளவைச் சொல்கிறது, அது ஒன்று குறைந்தால் அளவு இரட்டிப்பாகும். /27-ல் மொத்தம் 32 முகவரி, அதில் இரண்டைக் கருவிகளுக்குக் கொடுக்க முடியாது.) வெளியே போகும் வழியான கேட்வேக்கு ஒன்று போய்விடும், அப்புறம் ஒரு பிரிண்டர், இரண்டு கேமரா, ஆளுக்கொரு போன் என்று வந்து சேர்ந்தால் இடம் முடிந்தது. சரி, /26 ஆக்கிவிடலாம் என்று பார்த்தால் பக்கத்து 32 முகவரிகளை ஏற்கெனவே வேறொரு சப்நெட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு சப்நெட்டின் அளவைக் குறிக்கும் மாஸ்க், கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி, எதை உள்ளே விடலாம் என்று சொல்லும் ஃபயர்வால் விதி என எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கிய முகவரிகளில், 10.0.0.0/8 என்ற தனியார் வரம்பில் மட்டும் 1.67 கோடிக்கும் மேல் முகவரிகள் இருக்கின்றன. இதில் கஞ்சத்தனம் எதற்கு? சாதாரண சப்நெட்டுக்கு /24 கொடுங்கள், பக்கத்தில் கொஞ்சம் காலியாகவும் விடுங்கள். அதற்காக ஒரே இடத்துக்கு மொத்த /8-ஐயும் எழுதி வைத்துவிடாதீர்கள், நாளைக்கு இன்னொரு கிளை வந்தால் அதற்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

எனக்குத் தெரிந்து அதிகம் வலிக்கும் தவறு முகவரி மோதல்தான். வீட்டு ரவுட்டர்களில் 192.168.0.0/24, 192.168.1.0/24 இரண்டும் மிகச் சாதாரணம். அலுவலகத்துக்கும் அதையே வைத்தால், வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்கில் சேரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக வருபவரின் கம்ப்யூட்டர் 192.168.1.10 என்ற அலுவலக சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டும், சர்வர் மட்டும் கிடைக்காது, காரணமும் சட்டென்று பிடிபடாது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரும் வழக்கமாக 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரண்டு பக்கமும் ஒரே வரம்பு இருந்தால் முகவரியை வேறொன்றாக மாற்றி அனுப்பும் நாட் போட்டு ஒட்ட வேண்டிய நிலை வரும், அதைப் பராமரிப்பது பெரும்பாடு. 172-ல் இன்னொரு பொறி உண்டு: தனியார் வரம்பு 172.16-லிருந்து 172.31 வரைதான். 172.32 பொது இணையத்தைச் சேர்ந்தது, அதை உள்ளே பயன்படுத்தக் கூடாது.

எல்லை தவறிப் பிரிப்பதும் அடிக்கடி நடக்கிறது. 10.5.0.64/25 என்று ஒரு சப்நெட் கிடையாது. /25 என்றால் 128 முகவரி, அது கடைசி எண் 0-வில் அல்லது 128-ல்தான் தொடங்க முடியும். பெரிய சப்நெட்டை முதலில் வைத்து, சின்னவற்றை வரிசையாக அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனால் இந்தச் சிக்கல் வராது.

கிளைகளுக்குக் கிடைத்த இடத்தில் கிடைத்ததைக் கொடுக்காதீர்கள். ஒரு கிளைக்கு 10.20.0.0/16, அடுத்ததற்கு 10.21.0.0/16 என்று ஒதுக்கினால் உள்ளே எத்தனை சப்நெட் இருந்தாலும் வெளியே ஒரே ரவுட் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற குறிப்பு) போதும், ஃபயர்வால் விதியும் ஒரு வரியில் முடியும். சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதியே ஆக வேண்டும், அதில் ஒன்று விடுபட்டால் தேடுவது உங்கள் பாடு.

கிளவுடில் கணக்கு கொஞ்சம் மாறும். அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் இரண்டுமே ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளைத் தாங்களே வைத்துக்கொள்ளும், அதனால் 16 முகவரி கொண்ட /28 போட்டால் உங்களுக்கு 11தான்.

மிக நீளமான முகவரிகள் கொண்ட புதிய ஐபி பதிப்பான ஐபிவி6-க்கு வந்தால் இந்த எண்ணும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். ஒரு லானுக்கு (ஓர் இடத்தின் உள் நெட்வொர்க்குக்கு) ஒரு /64, அவ்வளவுதான். மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதை மேலும் நறுக்கினால் கருவிகள் தாமாக முகவரி அமைத்துக்கொள்ளும் வசதி வேலை செய்யாது.