பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்

வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கட்டில், வீல்சேர் என்று யோசிப்பதற்கு முன் பாத்ரூமைப் பாருங்கள். முதலில் உள்தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். என் மாமியார் உள்ளே வழுக்கி விழுந்தபோது கதவை உடைத்துத்தான் தூக்கினோம். கூச்சப்பட்டால், வெளிக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு. அது தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். பிடித்து எழ, சுவரில் தனிக் கம்பி வேண்டும். டவல் ராடு ஆள் எடையைத் தாங்காது.

ராத்திரி விழித்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம்.

அப்புறம், தமிழ்நாட்டில் பிரஷர், சுகர் மாத்திரைகளை 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.