மூடி மறைத்தால் மன்றத்துக்கு என்ன தண்டனை? விதியில் எழுதி வைக்கும் முறை

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான காற்பந்து மன்றம் ஒன்றுக்கு நான் செயலாளர். சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வெகுநாள் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான். பகலில் செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தில் கணக்கு வேலை, மாலையில் திடல்.

பொதுக்கூட்டத்துக்கு முன் செயலவையில் ஒரு புதிய விதியை முன்மொழிந்தேன். மன்றத்தைச் சேர்ந்த யாராவது ஒரு பிள்ளையிடம் பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்து, அது தெரிந்த பொறுப்பாளர்கள் வெளியே சொல்லாமல் மறைத்தால், அந்த ஆட்களோடு மன்றமும் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்பது விதி. பொருளாளர் அண்ணன் நல்ல மனிதர். அவர் உடனே கேட்டார்: “ஏம்மா, எவனோ பண்ண தப்புக்கு பன்னெண்டு வயசுப் பையன் லீக் ஆடாம ஏன் ஒக்காரணும்?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் விதி எழுதினால் முதல் கூட்டத்திலேயே விழுந்துவிடும். உங்கள் ஊர் மன்றத்திலும் இப்படி ஒரு விதி வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக, நாங்கள் யோசித்த வழியை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஏற்கெனவே நடந்த ஒரு பெரிய வழக்கைச் செயலவை முழுவதும் உட்கார்ந்து படிப்பது. நாங்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். அந்த ஊரில் அமெரிக்கக் காற்பந்துதான் எல்லாம். திடலில் 1,06,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஜெர்ரி சாண்டஸ்கி அங்கே துணைப் பயிற்றுநர். வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவுவதாக 1977இல் ஓர் அறநிறுவனமும் தொடங்கியவர். 1998இல் ஒரு தாய், தன் பதினொரு வயது மகன் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்து ஏன் என்று விசாரித்தார். சாண்டஸ்கி தன்னோடு குளித்ததாகப் பையன் சொன்னான். அந்தத் தாய் பல்கலைக்கழகப் போலீஸில் புகார் செய்தார். விசாரணை நடந்தது, குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. 1999இல் சாண்டஸ்கி ஓய்வு பெற்றார். அப்புறமும் அதே கட்டடங்களுக்குள் வந்து போனார்.

2001இல் இளம் உதவிப் பயிற்றுநர் ஒருவர், குளியலறையில் சாண்டஸ்கி ஒரு சிறுவனோடு இருந்ததைக் கண்டார். தலைமைப் பயிற்றுநர் ஜோ பட்டெர்னோவிடம் சொன்னார். பட்டெர்னோ தன் மேலதிகாரியிடம் சொன்னார். மேலே இருந்த மூவர் கலந்து பேசினார்கள். குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிப்பதாக இருந்த திட்டம் மாறி, முதலில் சாண்டஸ்கியிடமே பேசிப் பார்க்கலாம் என்று முடிவானது. இனிமேல் பிள்ளைகளை இங்கே கூட்டி வராதீர்கள் என்றார்கள், அவருடைய அறநிறுவனத்துக்கும் தகவல் சொன்னார்கள், அவ்வளவுதான். போலீஸுக்குப் போகவில்லை. அந்தச் சிறுவன் யார் என்றுகூட யாரும் தேடவில்லை. சாண்டஸ்கி கைதானது 2011 நவம்பரில். பத்துச் சிறுவர்கள் சம்பந்தப்பட்ட 45 குற்றங்கள் 2012இல் நிரூபணமாயின. 30 முதல் 60 ஆண்டு சிறை. பட்டெர்னோவுக்கு எவ்வளவு தெரியும் என்பதில் இன்றும் வாதம் இருக்கிறது. மறைத்த பத்து வருடத்தில் அந்த ஆள் சுதந்திரமாக நடமாடினார் என்பதில் வாதம் இல்லை.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பு 2012 ஜூலையில் தண்டனை அறிவித்தது. 60 மில்லியன் டாலர் அபராதம். பருவ முடிவுப் பெரிய ஆட்டங்களில் நான்கு ஆண்டு கலந்துகொள்ளக் கூடாது. விளையாட்டு உபகாரச் சம்பளம் 85 பேரிலிருந்து 65 பேருக்குக் குறையும். 1998 முதல் 2011 வரை பெற்ற 112 வெற்றிகள் பதிவேட்டிலிருந்து நீக்கம். அப்போது அணியில் இருந்த பையன்கள் 1998இல் பாலர் பள்ளியிலோ ஆரம்பப் பள்ளியிலோ இருந்தவர்கள். எங்கள் அண்ணன் கேட்ட அதே கேள்வியைத்தான் அந்த ஊரே கேட்டது.

அடுத்த வேலை, இந்தத் தண்டனையைப் பிரித்துப் பிரித்து எடை போடுவது. மொத்தமாக நியாயம், மொத்தமாக அநியாயம் என்று பேசினால் கூட்டம் சண்டையில்தான் முடியும். அதிக நேரம் இங்கேதான் போகும், போகட்டும்.

அபராதம் சரி என்பது என் கருத்து. மறைத்ததால் பல்கலைக்கழகத்தின் வருமானம் கெடாமல் இருந்தது, அந்த வருமானத்திலிருந்து எடுப்பதில் தப்பே இல்லை. பெரிய ஆட்டங்களுக்குத் தடையும் சரிதான், ஏனென்றால் அந்தப் பையன்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே வருடம் ஆடலாம் என்று என்சிஏஏ அனுமதித்தது. அப்போதைய விதிப்படி அணி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியிருந்தது, அதைத் தள்ளுபடி செய்தார்கள். சிலர் போனார்கள், பலர் தெரிந்தே தங்கினார்கள்.

உபகாரச் சம்பளத்தைக் குறைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இருபது இடங்களில் படிக்க வந்திருக்க வேண்டியவர்கள் எந்தத் தப்பிலும் இல்லாதவர்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒரு பையனுக்கு விளையாட்டால் கிடைக்கும் படிப்பு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். வெற்றிகளை அழித்ததும் எனக்கு ஒப்பவில்லை. ஆடியது பையன்கள், ஜெயித்ததும் உண்மை. நடந்ததை நடக்கவில்லை என்று எழுதி வைத்தால், மறைத்தவர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம். சுழல்கோப்பை அலமாரியில் இருக்கட்டும். மறைத்த தலைவரின் பெயரையும் படத்தையும் சுவரிலிருந்து எடுங்கள்.

அந்தத் தண்டனையும் நிலைக்கவில்லை. பெரிய ஆட்டங்களுக்கான தடை 2014இல் நீங்கியது. 2015இல் ஒரு வழக்குச் சமரசத்தில் 112 வெற்றிகளும் திரும்ப வந்தன. 60 மில்லியன் மட்டும் நின்றது, பென்சில்வேனியா மாநிலத்திலேயே சிறுவர் வன்கொடுமையைத் தடுக்கவும் பாதிக்கப்பட்டவர்களைக் கவனிக்கவும் செலவாகும் என்ற ஏற்பாட்டோடு.

மற்றவை ஏன் கழன்று போயின? என்சிஏஏயிடம் இதற்கென்று தெளிவான விதி கிடையாது. தானாக விசாரிக்கவும் இல்லை. பல்கலைக்கழகம் வைத்த வழக்கறிஞரின் அறிக்கை வெளிவந்த சில நாட்களில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டது. இதன் மறுபக்கத்தையும் செயலவைக்குச் சொல்லுங்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவர் லேரி நாசரால் பாதிக்கப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அந்தப் பல்கலைக்கழகம் 2018இல் 500 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே வருடம் என்சிஏஏ, விதிமீறல் எதுவும் காணவில்லை என்று விசாரணையை முடித்தது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் விளையாட்டாளர்கள் மீதான பாலியல் புகார்களை நிர்வாகம் கையாண்ட விதம் படுமோசம் என்று ஊரறிந்த பிறகும், 2021இல் அந்தத் தவறுகள் தங்கள் விதிகளுக்குள் வரவில்லை என்றது என்சிஏஏ குழு. வேறு சில மீறல்களுக்காக விதித்த அபராதம் 5,000 டாலர்.

ஓரிடத்தில் விதி இல்லாமலேயே தண்டித்தார்கள், இன்னோரிடத்தில் விதி இல்லை என்று விட்டார்கள். பென் ஸ்டேட்காரர்கள் அநியாயம் என்று கத்தியதிலும், நாசரால் பாதிக்கப்பட்ட பெண்கள் அநியாயம் என்று அழுததிலும் உண்மை இருந்தது. அதனால்தான் நம்மிடம் ஒன்றும் நடக்காத நேரத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். நடந்த பிறகு எழுதினால், யார் முகத்தைப் பார்த்து எழுதுகிறோம் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆட்களைத் தண்டித்தால் போதாதா, மன்றம் எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். பென் ஸ்டேட்டில் மறைத்ததற்காக நீதிமன்றம் போனவர்கள் மூவர். 2017இல் தீர்ப்பு வந்த அந்த வழக்குகளில் கிடைத்தது சில மாதச் சிறைதான். ஆனால் மௌனத்தால் பயனடைந்தவர்கள் மூவர் மட்டுமா? நம் ஊரிலும் பாருங்கள். தலைவருக்குப் பெயர், இறுதியாட்டத்துக்கு வரும் ஒய்பியோடு (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) படம், ஜெர்சிக்கு ஆதரவாளர் தரும் காசு, பெற்றோருக்கு “நம்ம பசங்க மாவட்டத்துல ஜெயிச்சாங்க” என்ற பெருமை. தலைவர் தலை மட்டும்தான் உருளும் என்றால், விஷயம் தெரிந்த மற்றவர்கள் நமக்கெதுக்கு வம்பு என்று ஒதுங்கிவிடுவார்கள். மறைத்தால் எல்லாரும் இழப்போம் என்றால் யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்.

இங்கேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. தண்டனை கடுமையானால், பயந்துபோய் இன்னும் ஆழமாக மறைக்க மாட்டார்களா? மறைப்பார்கள், விதியைத் தப்பாக எழுதினால். நடந்துவிட்டது என்பதற்காக மன்றத்தைத் தண்டிக்கக் கூடாது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு கெட்டவன் உள்ளே வந்துவிடலாம். தெரிந்த உடனே போலீஸுக்குப் போன மன்றத்துக்கு ஒரு ரிங்கிட்கூட அபராதம் கிடையாது, ஓர் ஆட்டம்கூட இழப்பு கிடையாது என்று விதியே சொல்ல வேண்டும். தண்டனை முழுக்க முழுக்க மறைத்ததற்கு மட்டும். எங்கள் செயலவையில் பலருக்கு மனம் மாறியது இந்த இடத்தில்தான்.

இனி எழுத்து வேலை. எங்கள் வரைவை அப்படியே தருகிறேன், உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

“மன்றப் பிள்ளை ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகவோ நடக்கப் போவதாகவோ அறிந்த பொறுப்பாளர், பயிற்றுநர், வேன் ஓட்டுநர் எவரும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும். தலைவரிடம் சொன்னது தெரிவித்ததாக ஆகாது. குடும்பத்தோடு சமாதானம் பேசுவது, பணம் கொடுப்பது, பயிற்றுநரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவது ஆகியவை மறைத்தலே.”

கடைசி வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் வெட்ட விடாதீர்கள். தோட்டப்புறத்தில் மறைப்பது என்றால் பெரும்பாலும் இதுதான். கோயிலில் வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம், பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடும், மாஸ்டர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவார் என்பார்கள். பக்கத்துத் தோட்டத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாட்டின் சட்டம் இதைவிட முன்னால் போயிருக்கிறது என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தும் போலீஸுக்குத் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். குற்றம் செய்தவர் ஆசிரியரோ பயிற்றுநரோ என்றால், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்ததற்காகக் கூடுதல் தண்டனை உண்டு. நம் விதி அந்தச் சட்டத்துக்குப் பதில் இல்லை, அதற்கு மேல் ஒரு கட்டு.

தண்டனைப் பகுதியில் முதல் வரியே பிள்ளைகளைப் பற்றியது. பொருளாளர் அண்ணன் கேட்டு வாங்கிய வரி: “மன்றம் தடை செய்யப்பட்டால், பிள்ளைகள் அதே பருவத்தில் விரும்பிய மன்றத்தில் ஆடலாம், மாற்றுக் கடிதத்தை மன்றம் மறுக்க முடியாது, பூட்ஸும் ஜெர்சியும் அவர்களோடு போகும்.” இது எழுத்தில் வந்த பிறகு அவரே கையைத் தூக்கி ஆதரித்தார். ஆனால் லீக் ஏற்பாட்டாளரும் ஒப்புக்கொண்டால்தான் இந்த வரிக்கு உயிர். கடிதம் எழுதி முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள்.

அதற்குப் பிறகு மற்றவை. மறைத்தவர்கள் நிரந்தரமாகப் பொறுப்பில் இருக்க முடியாது. மன்றம் இரண்டு பருவம் கோப்பைப் போட்டிகளில் கலந்துகொள்ளாது, போட்டி ஏற்று நடத்தாது. நிதியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்ட பிள்ளையின் சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் போகும். தங்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி மட்டும் நிற்கக் கூடாது, புதிய ஆட்கள் வைத்து நடத்த வேண்டும்.

யார் தீர்ப்பு சொல்வது? செயலவை சொல்லவே கூடாது. தோட்டத்தில் கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், காற்பந்து மன்றம் எல்லாவற்றிலும் அதே நாலு பேர், அதிலும் பாதிப் பேர் மாமன் மச்சான். வேறு ஊரிலிருந்து மூன்று பேர், அதில் ஒருவராவது பெண், ஒருவர் சட்டம் தெரிந்தவர் என்று இப்போதே பெயர் குறித்துச் சம்மதம் வாங்கிவிடுங்கள். மறைத்ததாகச் சொல்லப்படுபவர்கள் தங்கள் பக்கத்தைப் பேச ஒரு வாய்ப்பு கொடுங்கள். பென் ஸ்டேட் தண்டனை பலவீனமானதற்கு அந்த வாய்ப்பு இல்லாததும் ஒரு காரணம். ஆனால் இந்த மூவர் விசாரிப்பது யாருக்குத் தெரியும், எப்போது தெரியும், என்ன செய்தார்கள் என்பதை மட்டும். குற்றம் நடந்ததா என்பது போலீஸின் வேலை. பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பெயரையும் படத்தையும் வாட்ஸ்ஆப்பில் போடக் கூடாது.

பொதுக்கூட்டத்தில் விதியைத் தமிழிலும் மலாயிலும் உரக்கப் படித்து ஓட்டுக்கு விடுங்கள். பதிவு பெற்ற மன்றமானால் திருத்தம் விளையாட்டு ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு பிரதியை ஸ்டோர் கதவில் ஒட்டி, கீழே தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள், பிள்ளைகள் கண் உயரத்தில். புதிய பயிற்றுநர் எவர் வந்தாலும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் ஆனாலும், முதல் நாள் பயிற்சிக்கு முன் விதியைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவரை விசிலும் இல்லை, வேன் சாவியும் இல்லை.